எட்டாவது கட்டம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நீ போனை எடுத்ததும் "ஸ்பீக்கர்ல போடுடா" என்று அம்மா பக்கத்தில் வந்துவிடுவாள். அதனால்தான் நீ வேலை பார்க்கும் டைல்ஸ் கடை முகவரிக்கு எழுதுகிறேன்.

மூன்று வரிசை வண்டி வாங்கப் போகிறாய் என்று அண்ணி சொன்னாள். தங்கச்சி படித்தவளாயிற்றே, அவள் பார்த்துச் சொல்லட்டும் என்றாயாம். எனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்? இருந்தாலும் நேற்று மதிய இடைவேளையில் ஷோரூமுக்குப் போனேன். வாசல்வரை போய் இரண்டு தடவை திரும்பிவிட்டு, மூன்றாவது தடவைதான் நுழைந்தேன்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தால் முட்டி மோவாயைத் தொடுகிறது. பிள்ளைகளுக்குச் சரி. நடு வரிசையில் இரண்டு விதம் இருக்கிறது. தனித்தனியாக இரண்டு நாற்காலி என்றால் வண்டியில் ஏழு பேர். நீளமாக ஒரே சீட் என்றால் எட்டு பேர்.

"குடும்பத்துல எத்தனை பேருங்க?" என்று விற்பவர் கேட்டார். நீ, அண்ணி, பிள்ளைகள் மூன்று பேர், அம்மா, நான். விரல்விட்டு எண்ணினேன். "எட்டு" என்றேன்.

நீளமான சீட்டே நல்லது என்று எனக்குப் படுகிறது.

உன் தங்கை

மார்ச் 11

பட்டதாரித் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது.

சிமெண்ட் கையோடு பிரித்ததில் உன் கடிதம் பாதி என் விரலாகிவிட்டது. கணக்கு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. எழுதியது ஏழு பேர், சொன்னது எட்டு. காலேஜில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களா?

எனக்கு எதுவும் தரையில் பார்த்தால்தான் புரியும். டேப் வைத்து அளந்து, ஹாலில் சாக்பீஸால் வண்டியை வரைந்தேன். கட்டத்துக்கு ஒரு நாற்காலி. சின்னவன் சாப்பாட்டுத் தட்டை ஸ்டீயரிங்காகப் பிடித்து ஓட்டினான். அம்மா முன்னால் உட்கார்ந்துகொண்டு, "மெதுவா ஓட்டுடா, பள்ளத்துல விட்டா என் முட்டி போயிடும்" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

எட்டாவது நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. "இது யாருக்குப்பா?" என்று பெரியவள் கேட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தட்டைப் பார்த்தாள்.

யாருக்கு என்று நீயே எழுது.

அண்ணன்

மார்ச் 19

அன்புள்ள அண்ணா,

உனக்குத் தெரியாமல் இல்லை. போன வருடம் நான் சொன்னதும் அம்மா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனாளே, அந்தக் கண்ணாடிக் கடைக்காரர்தான். ஒருமுறை கல்யாணமாகி விலகியவர் என்பதைத் தவிர, அவரைப் பற்றி அம்மாவுக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாமாம்.

மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிறார். என்னைவிடக் குறைவாகப் பேசுவார். நாங்கள் இரண்டு பேரும் காபி குடிக்க உட்கார்ந்தால், ஏதோ சண்டை போலிருக்கிறது என்று பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

அடுத்த மாதம் 18ஆம் தேதி பதிவு செய்துகொள்கிறோம். அம்மா வர வேண்டும் என்று கேட்கவில்லை. அவரை இறக்கிவிட்டு நான் மட்டும் ஏற முடியாது, அண்ணா. எட்டு பேர் வண்டியாக எடு. அவர் அதில் கடைசிவரை உட்காராமல் போனாலும் போகட்டும். இடம் என்று ஒன்று இருந்தால் போதும்.

உன் தங்கை

மார்ச் 28

தங்கச்சிக்கு,

அம்மாவிடம் நேராகப் பேச எனக்கு வாய் வரவில்லை. தரையில் வரைந்ததை மட்டும் அழிக்காமல் விட்டுவைத்தேன். காலையில் பார்த்தால் ஏழு கட்டம் அப்படியே இருக்கிறது, எட்டாவதைக் காணோம். முட்டி மடங்காதவள் தரையில் உட்கார்ந்து ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள்.

மறுபடி வரைந்தேன். மறுநாளும் துடைத்திருந்தாள். மூன்றாம் நாள் துடைத்துவிட்டு எழுந்திருக்க முடியாமல், சுவரைப் பிடித்தபடி அங்கேயே இருந்தாள். நான்தான் தூக்கிவிட்டேன். "நீங்க வரையறீங்க, அவங்க துடைக்கறாங்க. நடுவுல நான் எங்கங்க நடக்கறது?" என்று உன் அண்ணி அழுதாள்.

அதற்குப் பிறகு நான் வரையவில்லை. ஏழு பேர் வண்டிக்கே சொல்லிவிட்டேன். கடைசி வரிசையில் ஜன்னலோரம் உனக்கு.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அண்ணன்

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணா,

திட்ட எனக்கு யாரும் கிடைக்கவில்லை. அம்மாவைத் திட்டலாம் என்று உட்கார்ந்தால், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இருந்ததுதான் கண்முன் வருகிறது.

சாட்சிக் கையெழுத்துப் போட அலுவலகத் தோழிகள் வருகிறார்கள். கவலைப்படாதே.

ஜன்னலோரம் எனக்கு வேண்டாம். கடைசி வரிசையில் ஒரு பக்கத்தை மட்டும் தனியாக மடிக்கலாம் என்று ஷோரூமில் காட்டினார்கள். என் பக்கத்தை மடித்துவிடு. அம்மா பிடித்து நடக்கிற வாக்கரை வைக்க இடம் கிடைக்கும்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் தங்கை

ஏப்ரல் 24

தங்கச்சிக்கு,

வண்டி வந்துவிட்டது. நீ சொன்னபடி சீட்டை மடிக்கப் பார்த்தேன். எந்தப் பட்டையை இழுப்பது என்று தெரியவில்லை. ஷோரூமில் கேட்டால் சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை. வண்டியோடு ஒரு தடிப் புத்தகம் கொடுத்தார்கள். முழுக்க இங்கிலீஷ், எனக்குப் படிக்க வராது. பெரியவள் படித்துச் சொல்கிறேன் என்றாள். வாங்கி பீரோமேல் வைத்துவிட்டேன்.

வாக்கரை அம்மா முன்சீட்டில் மடிமேல் வைத்துக்கொண்டு வருகிறாள். "பின்னாடி மடிச்சு அதுல வெச்சுடவாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "கிடக்கட்டும்" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த இடம் அப்படியே காலியாக இருக்கிறது. ஒரு ஆள் உட்காரும் இடம்தான்.

அண்ணன்