மலையை மூன்றாவதாக எழுதியவள்

கடப்பாக்கம்
4-8-2025

மதிப்புக்குரிய பேராசிரியர் சகுந்தலா அம்மாவுக்கு,

ஜெபாவின் அப்பா சின்னையன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீங்களும் சுகமாயிருப்பீர்கள். அறுபத்தெட்டு வயதில், எங்கள் ஊர் முதியோர் வகுப்பு சாராள் டீச்சரிடம் எழுதப் படிக்கக் கற்றேன். வெளியாளுக்கு எழுதும் முதல் கடிதம் இது. மூன்று நாளாக எழுதுகிறேன்.

என் மகள் உங்கள் இடத்தில் இயற்பியல் டாக்டர் பட்டத்துக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். முதல் ஆறு மாதம் எந்தப் பிள்ளையை எந்தப் பேராசிரியரிடம், எந்த ஆராய்ச்சிக்கு விடுவது என்று பார்ப்பது நீங்கள்தான் என்றாள். பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த மூன்று ஆராய்ச்சியை வரிசையாக எழுதுவார்களாம். பேராசிரியர்களும் பிள்ளைகள் பெயரை வரிசையாக எழுதுவார்களாம். இரண்டையும் வைத்துச் சேர்ப்பீர்களாம். நான் நடவுக்குப் போன காலத்தில் மேஸ்திரி கை காட்டினவன்தான் வயலில் இறங்குவான். எந்த வயல் வேண்டும் என்று எங்களை யாரும் கேட்டதில்லை. அதனால் இதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

ஆனால் ஜெபா தன் ஆசையை எழுதவில்லை அம்மா. போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தபோது சிநேகிதி ஜாக்குலினிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது. "லடாக் மலை மேல டெலஸ்கோப் கீது இல்ல, அதுக்குத்தான்டி போவணும்னு ஆசை. ஆனா மூணாவதா போட்டுட்டேன். நைனாவுக்கு மாத்திரை யாரு பாத்துக் குடுப்பா?" முதலில் எழுதியிருப்பது சென்னையிலேயே கம்ப்யூட்டரில் செய்கிற வேலையாம்.

எனக்குப் படிக்கத் தெரியாததால் வாரா வாரம் வந்து சர்க்கரை மாத்திரை உறையில் அவள்தான் காலைக்குச் சூரியனும் ராத்திரிக்கு நிலாவும் வரைந்து வைப்பாள். இப்போது நானே படிக்கிறேன். தயவுசெய்து அவள் தாளில் மலையை முதலில் மாற்றி வையுங்கள்.

இப்படிக்கு,
சின்னையன்

சென்னை
8-8-2025

அன்புள்ள சின்னையன் ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் கையெழுத்தைவிட உங்களுடையது தெளிவு.

ஆனால் நீங்கள் கேட்டதைச் செய்ய முடியாது. அந்தத் தாளை மாற்றும் உரிமை ஜெபாவுக்கு மட்டுமே. அப்பாவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. நான் கை வைத்தால் உங்கள் மேஸ்திரியாகிவிடுவேன்.

இருபதாம் தேதி வரை அவள் மாற்றலாம். மலை ஆய்வுக்கு ஒரே ஓர் இடம்தான். அதை முதலில் எழுதியவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். உங்கள் கடிதத்தை யாருக்கும் காட்ட மாட்டேன். எனக்கு எழுதியதை அவளுக்கே எழுதலாமே?

அன்புடன்,
சகுந்தலா

கடப்பாக்கம்
17-8-2025

பேராசிரியர் அம்மாவுக்கு,

அவளுக்கே எழுதினேன். உங்களுக்கு எழுதியதையும் மறைக்கவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. இது முன்பே தெரிந்திருந்தால் சின்ன வயதிலேயே கற்றிருப்பேன்.

நேற்று பஸ் ஏறி வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும் முன்பே சண்டை.

"இன்னா நைனா, எங்க மேடத்துக்கே லெட்டர் போட்டியா? மானமே போச்சு!"

"அந்தம்மா முடியாதுன்னுட்டாங்க. உன்ன மாதிரியே கறாரு."

"அங்க டவரு கூடக் கெடைக்காது. நீ மாத்திரைய மாத்திப் போட்டுக்கினா யாரு கேப்பா?"

"இப்பவே பரீட்ச வச்சுப் பாரேன்."

படம் வரைந்த உறைகளையெல்லாம் ஒளித்துவிட்டாள். மருந்துக் கடைக்காரர் தமிழில் எழுதித் தந்த புது உறைகள் நான்கைக் கலைத்துப் பாயில் போட்டாள். ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். 'சாப்பாட்டுக்கு முன்' என்பதற்கு மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் சிரிக்கவில்லை. பாயிலேயே உட்கார்ந்திருந்தாள்.

தாளை மாற்றுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இன்று கிளம்பும்போது, "உன் கம்பளி எங்க கீது?" என்று மட்டும் கேட்டாள். கொடுத்தனுப்பினேன்.

இப்படிக்கு,
சின்னையன்

சென்னை
25-8-2025

அன்புள்ள ஐயா,

இன்று காலை பட்டியலை ஒட்டினோம். ஜெபாவுக்கு மலை கிடைத்திருக்கிறது.

அதை முதலில் எழுதியவர்கள், கடைசியில் தாளை மாற்றிய ஜெபாவையும் சேர்த்து, மூன்று பேர். அந்த ஆய்வின் பேராசிரியர் தன் வரிசையில் முதலில் எழுதியிருந்த பெயர் ஜெபா. அவர் அதை என்னிடம் தந்தது ஜூலை முப்பதாம் தேதி, உங்கள் கடிதம் வருவதற்கு முன்பு. ஆகவே சிபாரிசு என்று யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அவளும் இதைத்தான் முதலில் கேட்டாள். ஆனால் அவள் தாள் பழையபடியே இருந்திருந்தால், வேறு ஒருவர் போயிருப்பார்.

அன்புடன்,
சகுந்தலா

கடப்பாக்கம்
1-9-2025

பேராசிரியர் அம்மாவுக்கு,

ஜெபா போனில் அழுதாள், சிரித்தாள், பிறகு மாத்திரை போட்டாயா என்று கேட்டாள். போட்டிருந்தேன்.

அடுத்த வாரம் புறப்படுகிறாள். இன்றைக்குத் தபாலாபீசில் பத்து இன்லண்ட் கடிதம் வாங்கினேன். பத்திலும் அவள் பெயரை எழுதி முடித்துவிட்டேன். அங்கே கடிதம் வருமா என்று அவளுக்கே தெரியவில்லை. தபால்காரர் ஆனந்தன், "பின்கோடு போடு, எங்கன்னாலும் போவும்" என்கிறார்.

அந்த மலையின் பின்கோடு உங்களிடம் இருந்தால் எழுதி அனுப்புங்கள். அதைத் தர உங்கள் விதியில் தடை இருக்காது என்று நினைக்கிறேன். ஆறு கட்டத்தையும் காலியாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சின்னையன்