மாமாவின் மனுவும் என் வாயும்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே எல்லாரும் நலம், என் முழங்கால் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொள்வார், அதனால்தான் கடிதம்.

என் தம்பி, அதாவது உன் மாமா, நகராட்சி உறுப்பினரானதிலிருந்து இஸ்ரவேலருக்குச் சட்டம் தந்த மோசேயாகவே மாறிவிட்டான். ஊர்ச் சட்டமெல்லாம் வேதத்தின்படி இருக்க வேண்டும் என்று சபையார் பெயரில் ஒரு மனு தயாரித்திருக்கிறான். போதகரோ, அந்தச் சட்டம் அன்றைய இஸ்ரவேலுக்குத் தந்தது, அதைத் தூக்கிக்கொண்டுபோய் நகராட்சியில் வைக்க முடியாது என்கிறார். "ஆண்டவர் சட்டம் வேணாம்னா யார் சட்டம் ஐயா? எங்கக்கா ஆபீஸ் சுற்றறிக்கையா?" என்று கேட்டான். அந்தச் சுற்றறிக்கைகளைத் தட்டச்சு செய்பவளே நான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். நாலு வாரமாக இதே சண்டை. ஆராதனை முடிந்தால் ஒரு கூட்டம் வாசலில், ஒரு கூட்டம் சைக்கிள் நிறுத்துமிடத்தில், நடுவில் நான் குடையோடு. அலுத்துவிட்டதம்மா.

விஷயம் அதுவல்ல. விபசாரத்தில் வாழ்பவர்களுக்கு நகராட்சி வேலை கூடாது, உதாரணம் குழந்தைகள் காப்பகப் பொறுப்பாளர் என்று மனுவில் ஒரு பத்தி. அது உன் அத்தை, அப்பாவின் கூடப்பிறந்தவள். விவாகரத்துத் தீர்ப்பு வருவதற்கு இரண்டு மாதம் முன்பே இப்போதைய கணவர் பெட்டியோடு வந்து குடியேறிவிட்டார் என்று எழுதியிருந்தது. அது நான் சொன்னது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா சொன்னதை உப்பு காரம் சேர்த்து உன் மாமாவிடம் ஒப்பித்தவள் நானேதான். அத்தையும் நானும் இருபது வருஷமாக மூஞ்சியைத் தூக்கிவைத்திருப்பவர்கள், அதற்காக அவள் பிழைப்பில் மண்ணள்ளிப் போடுவேனா?

வியாழக்கிழமை உன் மாமா வந்து, "அக்கா, வேதப்படி ரெண்டு சாட்சி வேணும். தையல்காரம்மா ஒண்ணு, நீ ஒண்ணு" என்றான். நான் எங்கேடா பார்த்தேன், அவள் சொன்னதைத்தான் சொன்னேன், இரண்டு சாட்சிக்கும் வாய் ஒன்றுதான் என்றேன். "நாத்தனார் மேல திடீர்னு என்ன பாசம்?" என்று குத்தினான். பாசமாவது ஒன்றாவது, பொய்ச்சாட்சி சொன்னால் உன் சட்டப்படி அவளுக்கு வைத்த தண்டனை எனக்குத்தானே வரும் என்றேன். வேதத்தைத் திறந்து அந்த வசனத்தைத் தேடிப் படித்தான். பிறகு பேனாவை எடுத்து அந்தப் பத்தியை முழுக்க அடித்தான். பிடிவாதக்காரன்தான், ஆனால் ஊருக்கு ஒன்று தனக்கு ஒன்று என்பவன் இல்லை. மீதி மனு போகத்தான் போகிறது, போதகர் எதிர்க்கத்தான் போகிறார்.

ஆனால் அதற்குள் நகல் பதினோரு பேர் கைக்குப் போயிருந்தது. இன்று காலை காப்பகத்தில் இரண்டு தாய்மார் அத்தையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அவள் நேரே என்னிடம் வந்து, "யாரு அண்ணி இப்படிக் கிளப்பிவிட்டது?" என்று தோளில் சாய்ந்து அழுதாள். இருபது வருஷத்தில் முதல் தடவை. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். தம்பியிடம் பொய்ச்சாட்சியைப் பற்றிப் பிரசங்கம் பண்ணிய அதே வாய். நாளைக் காலை போய் நான்தான் என்று சொல்லப்போகிறேன், அப்பாவிடம் அதற்கப்புறம்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் கண்ணின் மணிபோலக் காப்பாராக. இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு. அத்தை போன் பண்ணினால் எனக்காகப் பரிந்து பேசாதே.

உன் அம்மா