நண்டு தின்றவளின் பால்

பம்பாய், 14.6.1978

லோகநாதன் அப்பாவுக்கு கங்கம்மாள் எழுதுவது. நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்க இன்றைக்கு மனசு வரவில்லை.

நேற்று ஊரிலிருந்து கடிதம் வந்தது. பேரனுக்கு வயிற்றுப்போக்காம். மருமகள் தேசம்மா நண்டு தின்றதால் பால் கெட்டுவிட்டதாம். தாய்ப்பாலை நிறுத்தி வெறும் பார்லித் தண்ணீர் கொடுக்கச் சொன்னாளாம் உங்கள் அக்கா. நீங்களும் தலையாட்டினீர்களா?

பால் கொடு என்று காலையிலேயே தந்தி அடித்துவிட்டேன். அதில் திட்ட இடம் போதவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஆயா வேலை பார்க்கும் வீட்டுக் குழந்தைக்கும் போன மாதம் இதே வயிற்றுப்போக்கு. நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரி பால் கொடுக்காதே என்று தாயைத் தடுத்தேன். மாட்டுங்கா டாக்டரம்மா, "புள்ளையக் காயப்போட்டே கொல்லப் பாக்கறியா?" என்று எல்லார் எதிரிலும் திட்டினார். பால் கொடுத்த பிறகுதான் குழந்தை தெளிந்தது.

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. நம் மூத்த பெண்ணை இப்படித்தானே பறிகொடுத்தோம்? "பால் குட்தா இன்னும் பேதியாவும், கம்முனு கெடடி" என்றாள் உங்கள் அக்கா. பதினேழு வயதில் பால் கட்டிக்கொண்டு அழுதேன். நீங்கள் வலை பின்னிக்கொண்டிருந்தீர்கள்.

பிள்ளைக்குக் கண் குழிந்தாலோ மூத்திரம் குறைந்தாலோ பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். லோகநாதன் கும்மிடிப்பூண்டி கம்பெனியிலிருந்து வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நெத்திலிக் கருவாடும், பிள்ளையின் சட்டை ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். சட்டையைத் துவைக்க வேண்டாம்.

இந்த வீட்டுக் குழந்தை எழுந்துவிட்டது, முடிக்கிறேன். இந்தக் கடிதத்தை உங்கள் அக்கா எதிரிலேயே உரக்கப் படியுங்கள். தைரியம் இல்லையென்றால் தேசம்மாவிடம் கொடுங்கள், அவள் படிப்பாள்.

கங்கம்மாள்