தட்டிட்டு உள்ள வா

தீபாவளி வெடிப்புகை இன்று காலை நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளின் முற்றத்தில் கலையாமல் நின்றது. பசறைப் பக்கம் மழை விட்ட காலைகளில் காற்று அசைவதே இல்லை. மூடுபனியும் புகையும் ஒன்றாகிவிட, எதிர் லயத்தின் தகரக்கூரை மட்டும் எங்கோ மிதப்பதுபோல் தெரிந்தது. அந்த வெடிமருந்து வாசம் மூக்கில் ஏறியதும் என் கை தானாக ஒரு துண்டைத் தேடியது. அதை நனைத்து உன் வீட்டுக் கதவிடுக்கில் சொருக வேண்டுமே என்று எழுந்தும்விட்டேன். அந்தக் கதவுக்குப் பின்னால் நீ இல்லை என்பது அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நிலவுக்குப் போய் வந்தவர்கள் அங்கத்திய தூசிக்கும் இதே வாசம், வெடித்து முடிந்த மருந்தின் வாசம், என்று சொல்லியிருக்கிறார்கள். உன்னிடம் இதைச் சொன்னபோது முகத்தைச் சுளித்தாய். "அட ஆண்டவரே, அங்கயும் தீவாளியா?"

உனக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. அதனால் உடுப்பிலுள்ள தூசியைத் தட்டாமல் உன் வீட்டுக்குள் யாரும் நேராக நுழைந்துவிட முடியாது. கொழுந்து பறித்துவிட்டு வரும் உன் அம்மா, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை வெளிச்சுவர் ஆணியிலேயே மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். மற்றவர்களுக்கெல்லாம் உள்ளிருந்தபடியே உன் கட்டளை வரும்: "தட்டிட்டு உள்ள வா." ஜெபத்துக்கு வந்த பாஸ்டரையும் நீ விட்டு வைக்கவில்லை. "தட்டிட்டு உள்ள வாங்க, ஐயா" என்றாய். பாவம், அவர் வாசலில் நின்று வெள்ளை அங்கியை உதறிக்கொண்டிருந்தார். உன் வீட்டுக்கு வர விசா எடுக்க வேண்டும் என்று நான் கேலி செய்வேன். "விசா இல்லாட்டி போயேன்டி" என்பாய். போக மட்டும் விடமாட்டாய்.

படிப்பு என்னைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது. நீ ஃபாக்டரியில் தேயிலை சலிக்கும் அறைக்குப் போனாய். இழுப்புக்காரிக்கு அந்த வேலை ஆகாது என்று எல்லோரும் சொன்னோம். சொல்வது சுலபம். மலையேறிக் கொழுந்தெடுக்க உன் மூச்சு இடம் கொடுக்கவில்லை. தோட்டத்தில் உனக்கு வேறு என்ன வேலைதான் இருந்தது?

என் வேலை கிடைத்த செய்தியைப் போனில் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? நிலவில் தங்கப் போகிறவர்களுக்கான வீட்டை அமைக்கும் குழுவில் சேர்ந்திருக்கிறேன், அங்குள்ள டஸ்ட்தான் என் பொறுப்பு என்று பெருமையாகச் சொன்னேன்.

"நிலாவுலயும் தேயிலை போட்டுட்டாங்களா?" என்று கேட்டாய்.

"ஏய், தேயிலை இல்லடி. டஸ்ட்."

"அதான் கேக்குறேன். டஸ்ட் ஒண்ணா, ரெண்டா? சாயம் நல்லா எறங்குமா?"

நான் சிரித்த சிரிப்பில் அடுத்த மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். நம் தோட்டத்தில் டஸ்ட் என்றால் ஒன்று, இரண்டு என்று தரம் பிரித்து, மூட்டையில் ஏறி விலைக்குப் போகும் தேயிலைத் தூள். அதைத் தூசி என்று வெறுப்பதற்கு நான் எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது!

அடுத்த விடுமுறையில் வந்தபோது உனக்கு விளங்கச் சொன்னேன். உங்கள் ஃபாக்டரியில் உருளை ஒன்று கம்பளியில் உரசி உரசிச் சுற்றுமே, தேயிலையிலுள்ள நார் தானாகத் தாவி அதில் ஒட்டிக்கொள்ளுமே, நிலவுத் தூசியும் அப்படித்தான் உடையில் தாவி ஒட்டுகிறது என்றேன். மழையும் காற்றும் தேய்க்காத தூசி என்பதால் கண்ணாடிப் பொடிபோலக் கூராக இருக்கும். உள்ளே வந்துவிட்டால் நேரே நெஞ்சுக்குத்தான் போகும். அதை வாசலிலேயே நிறுத்தும் கதவு ஒன்றைத்தான் நாங்கள் செய்கிறோம் என்றேன்.

நீ வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். நமுனுகுல மலையை மூடுபனி கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருந்தது.

"அங்க பனி வருமா?"

"வராது. காத்தே இல்ல."

"காத்தில்லாத ஊர்ல போய் மூச்சுக்குப் பயந்துக்கிட்டு இருக்கணுமா? பாவம்டி அந்தப் புள்ளைங்க."

நீ பேசிய விதத்தில், அவர்கள் யாரோ விண்வெளி வீரர்கள் இல்லை. வேலைக்காக ஊர்விட்டுப் போகும் நம் லயத்துப் பிள்ளைகள்.

எனக்கோ அன்று ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. நிலவில் நாலு பேர் சுத்தமாக மூச்சுவிட இத்தனை ஆய்வுக்கூடம், இத்தனை மூளை. உனக்குக் கிடைத்தது முகத்தைச் சுற்றிய சேலைத் தலைப்பு. இதை வாய்விட்டே சொன்னேன். நீ என் தொடையில் ஒரு அடி போட்டாய். "சண்டைய அப்புறம் பிடிக்கலாம். மொதல்ல கதவைச் செஞ்சு முடி. டஸ்ட் உள்ள வரலேன்னு என்கிட்ட வந்து சொல்லு. எனக்குக் கேக்கணும்."

இந்தக் கதவு என் தனிக் கற்பனை அல்ல. விண்வெளி உடையை வெளியிலேயே கதவோடு ஒட்டி நிறுத்திவிட்டு மனிதர் மட்டும் அதன் முதுகுத் திறப்பு வழியாக வீட்டுக்குள் நுழையும் யோசனை பலருக்கும் இருந்தது. உடைத்துணியில் மெல்லிய கம்பிகளை இழையோடவிட்டு, அவற்றில் மின்சாரத்தை அலை அலையாகச் செலுத்தித் தூசியை உதற வைப்பதுதான் எங்கள் பங்கு. கூட்டத்தில் அதை விளக்கிக்கொண்டிருந்தபோது, என்னை அறியாமல் என் வாய் "தட்டிட்டு உள்ள வா" என்றது. அர்த்தம் கேட்டார்கள், சொன்னேன். இப்போது சோதனை அறையில் அந்த மின்சாரத்தை ஏற்றும்போதெல்லாம், தமிழ் தெரியாத ஒரு கூட்டமே கோணல்மாணலாக உன் கட்டளையைச் சொல்கிறது.

கதவு முடியும்வரை உன் மூச்சு காத்திருக்கவில்லை. பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்தபோது நான் வேறொரு நாட்டில், தூசியில்லாத ஓர் அறையில், தலை முதல் கால்வரை மூடிக்கொண்டு நின்றிருந்தேன்.

போன மாதம் கடைசிச் சோதனை. காற்றை உறிஞ்சி எடுத்த பெரிய அறைக்குள் நிலவுத் தூசிபோலச் செய்த பொடியைக் கொட்டி, உடையைப் புரட்டி எடுத்துக் கதவோடு பொருத்தினோம். பிறகு கதவுக்கு உள்பக்கம் விரித்திருந்த வெள்ளைத் துணியைப் போய்ப் பார்த்தோம். எல்லோரும் கத்தினார்கள், கட்டிப்பிடித்தார்கள். நான் போனை எடுத்து உன் பெயரை அழுத்தப்போய், அப்படியே நின்றுவிட்டேன்.

அதனால்தான் இன்று வந்தேன். முற்றத்துப் புகையைக் கடந்து உன் வீட்டு வாசலில் கால் வைத்ததும், உள்ளேயிருந்து குரல் வந்தது. உன் அம்மா.

"வெடிப்புகைல நின்ன புள்ள தானே? தட்டிட்டு உள்ள வா."

உள்ளே இழுப்புக்காரி யாரும் இல்லை. அது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் தோளைத் தட்டினேன், முந்தானையை உதறினேன், செருப்பை ஆணிக்குக் கீழே விட்டேன். எந்த நாட்டில் எந்தக் கதவைத் திறந்தாலும் முதலில் இதைத்தான் செய்கிறேன்; இனியும் செய்வேன்.

தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்த அம்மாவிடம் சோதனையைப் பற்றிச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு, "அவகிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

இப்போது உன் கட்டில் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. டஸ்ட் உள்ள வரலடி.