யானை ஒட்டிய கதை

மே 5, திங்கள்

ஈட்டித்தடம் குடும்ப யோகத்தின், அதாவது எங்கள் குடும்பச் சங்கக் கூட்டத்தின், அழைப்பு தபாலில் வந்தது. உறையின்மேல் என் பெயர் கோழி கிளறியதுபோல இருக்கிறது. தலைவரின் கையெழுத்துத்தான், எனக்குத் தெரியாதா? தம்பி பெயருக்கு இவ்வளவு அக்கறை போதும் என்று நினைத்திருப்பார்.

தலைவர் என்பது என் அண்ணன் ஈப்பன். எங்கள் பாலா ஊர்ப் பக்கத்தில் தறவாட்டு வீடு, அதாவது பூர்வீக வீடு, கடைசி மகனுக்கு என்பது வழக்கம். கடைசி மகன் நான். வீட்டில் இருப்பவர் அவர். நாங்கள் பேசி ஆறு வருடமாகிறது. ஷேர்லி போகலாம் என்கிறாள். மனைவிகளுக்குப் பிரியாணி என்றால் வழக்கெல்லாம் மறந்துவிடும்.

மே 11, ஞாயிறு

போனேன். வீட்டுக்கொரு சின்னம் கொடுத்தார்கள், காரின் பின்புறம் ஒட்டிக்கொள்ள. பளபளக்கும் யானை, துதிக்கையில் ஈட்டி மரம், கீழே குடும்பப் பெயர். எங்கள் முப்பாட்டன் அரசாங்கக் காட்டில் திருட்டுத்தனமாக மரம் வெட்டியவர். யானையும் வாடகை யானை. அதைச் சின்னத்தில் போடவில்லை.

தலைவர் என் யானையை இடது கையால் நீட்டினார். வலது கை ஜிப்பாப் பைக்குள். எல்லாருக்கும் அப்படித்தான் கொடுத்தார் என்கிறாள் ஷேர்லி. எல்லாரையும் நான் எதற்குப் பார்க்க வேண்டும்?

வீடு அவருக்கு. எனக்கு வீட்டின் பெயர், பின்னால் பசையோடு.

மே 14

கடைத்தெருவில் தலைவரின் காரைப் பார்த்தேன். யானை கோணலாக, மலையேறுவதுபோல ஒட்டப்பட்டிருக்கிறது. குடும்பத்தையே நேராக நடத்துகிறவர்!

மே 17, சனி

ஒட்டிவிட்டேன். ஷேர்லியின் நச்சரிப்புக்காக இல்லை. அவர் யானைக்குப் பக்கத்தில் என் யானை நேராக நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இருபத்தாறு வருடம் வேதியியல் கற்பித்தவன் கண்டபடி ஒட்ட முடியுமா? ஷாம்பு போட்டுக் கழுவினேன். அந்த இடத்தை, வண்டிக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் தேய்த்தேன். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த பெயின்ட்டிலிருந்து எவ்வளவு கறுப்பு! (சில மனிதர்கள் நினைவுக்கு வந்தார்கள்.) ஸ்பிரிட்டும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்து, பழைய மெழுகெல்லாம் போக மூன்று முறை துடைத்தேன். ஷேர்லி விரலால் தொட வந்தாள்.

"தொடாத. கை எண்ணெய் பட்டா திரும்பவும் முதல்ல இருந்து."

"அந்தக் காருக்குச் செய்யுற சிசுருஷையில பாதி, சொந்தக்காரங்களுக்குச் செஞ்சிருந்தா..." என்றாள். டேப்பால் கோடு பிடித்து, ஹேர் டிரையரால் வெதுவெதுப்பாக்கி, முப்பது எண்ணும்வரை அழுத்தினேன். நேராக நிற்கிறது.

ஜூன் 8

மழை வந்தது, யானைகள் விழ ஆரம்பித்தன. பங்காளி ஜோசுமோனின் யானை கோட்டயம் சாலையில் விழுந்ததாம். பள்ளி மதிலோரம் இன்னொன்று. என்னுடையது அசையவில்லை. சந்தோஷம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. சந்தோஷம்.

ஜூன் 15, ஞாயிறு

மாதாகோவிலில் குர்பானா முடிந்து வெளியே வந்தால், தலைவரின் கார் நின்றிருந்த இடத்தில் சேற்றில் அவர் யானை. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பசையில் தேங்காயெண்ணெய் வாடை! பழைய ஸ்டிக்கரின் பிசுக்கை எண்ணெய் போட்டு எடுத்துவிட்டு, துடைக்காமல் அதன்மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்குத் தலைமுடிக்கும் எண்ணெய், மீனுக்கும் எண்ணெய், பெயின்ட்டுக்கும் அதே எண்ணெய்.

திருப்பிக் கொடுக்கவில்லை. பையில் போட்டுக்கொண்டேன். திருட்டா? வீட்டோடு ஒப்பிட்டால் சில்லறை.

ஜூன் 17

யானை என் மேசை இழுப்பறையில். இரண்டு தடவை திறந்து பார்த்தேன். எதற்கு?

ஜூன் 21, சனி

தலைவர் வந்தார். கார் ஓட்டி வந்தது சேட்டத்தி, அவர் மனைவி. பின் இருக்கையில் தம்புரானாக உட்காரும் வயசாகிவிட்டது போலும் என்று நினைத்தேன்.

"குஞ்ஞே, உன் யானை மட்டும்தான் நிக்குதாம். எனக்கு ஒண்ணு ஒட்டித் தருவியா? பழசு எங்கயோ விழுந்திருச்சு."

குஞ்ஞு! குழந்தையாம், ஐம்பத்து மூன்று வயதில்.

தேங்காயெண்ணெய் தடவினால் விழாமல் என்ன செய்யும், நேராக ஒட்டக்கூடவா தெரியாது என்று கேட்டேன். ஷேர்லி காப்பி கொடுத்தாள். வலது கையில் வாங்கினார். கோப்பை தட்டில் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது, நிற்கவேயில்லை. சேட்டத்தி எழுந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"மூணு வருஷமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பேசலையேடா."

சேட்டத்தி என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "கலியாணக்கடுதாசி மாதிரி முந்நூறு உறை, நான்தான் எழுதினேன். ஒண்ணே ஒண்ணை என்னைத் தொட விடல. குஞ்ஞுமோன் பேரை நானே எழுதுவேன்னு அரை மணி நேரம் உக்காந்தார்."

இழுப்பறையைத் திறந்து யானையை மேசைமேல் வைத்தேன். எங்கே கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். திட்டியும் இருக்கலாம்.

இரவு தங்கிவிட்டார்கள். மழை.

ஜூன் 22, ஞாயிறு

அச்சாயன் (அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவேன்) காரை என் ஷெட்டுக்குள் ஏற்றினோம். கழுவினேன், தேய்த்தேன், எண்ணெய் போகும்வரை ஐந்து முறை ஸ்பிரிட்டால் துடைத்தேன். யானையின் பழைய பசையைச் சுரண்டிப் புது டேப் ஒட்டினேன். அச்சாயன் முக்காலியில் உட்கார்ந்து, நான் கோணலாக ஒட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தலைவர் அல்லவா.

ஹேர் டிரையரை அவர் கையில் கொடுத்தேன்.

"எங்கிட்டயா? கை ஒரு இடத்துல நிக்காதுடா."

"நிக்கக் கூடாது அச்சாயா. நின்னா பெயின்ட் பொசுங்கும்."

பெயின்ட் ஒரே சீராகச் சூடேறியது. நான் செய்தபோதுகூட அப்படி வரவில்லை. இதை அவரிடம் சொல்லப்போவதில்லை.

ஒட்டியபின் வண்டி நனையாமல் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று சேட்டத்தி கேட்டாள். ஒரு நாள் போதும்.

நான்கு நாள் என்று சொல்லியிருக்கிறேன்.