காருக்குள் ரைமோவின் கிட்டார்

1976 ஜனவரி 12, திங்கள்

பேத்தி ஷெரில் என் காரில் ஒரு டேப்பை விட்டுப் போயிருக்கிறாள். ஜெபப் புத்தகம் கனத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி. மேலே நான்கு பரட்டைத் தலைகள். இடது ஓரத்தில் நிற்பவனைப் பார்த்ததும் பெட்டியைத் தூக்கி எறியப் போனேன். பக்கத்து வீட்டு ஹில்மாவின் மகன் ரைமோ! பாட்டுக் குழுவின் பெயர் நிக்கல் ஓநாய்களாம். இந்தக் கனடாக் குளிரில், எங்கள் நிக்கல் சுரங்க ஊரான சட்பரியில் நாயே ஒழுங்காகக் குரைக்காது. ஓநாயாம்!

ஹில்மாவோடு எனக்குப் பேச்சு இல்லை. 1962 கர்லிங் இறுதி ஆட்டம். கடைசிக் கல்லைப் பனியில் தள்ளிவிட்டது நான். அது தூரம் போக, முன்னால் பனியைத் துடைப்பத்தால் துடைத்துக்கொண்டே ஓட வேண்டியது என் அணியிலிருந்த அவள். பாதியில் துடைப்பத்தைத் தூக்கிவிட்டாள். கல் குறிக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றது. கோப்பை போச்சு. "வெர்னா கையில வேகமே இல்ல" என்று ஊரெல்லாம் சொன்னாள். பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாள், கழுத்துப் பித்தான் இல்லாமல். நான் எதையும் மறப்பதில்லை.

ஜனவரி 13

திட்டுவதற்காகத்தான் போட்டேன். கணவர் ராய்க்குச் சுரங்கத்தில் இரவு வேலை, பகலெல்லாம் தூக்கம், வீட்டில் ஒரு சத்தம் கூடாது. அதனால் வாசலில் நின்ற காரிலேயே உட்கார்ந்து கேட்டேன்.

முதல் பாட்டு — தகர டப்பாவுக்குள் கரடி.

இரண்டாவது — இரண்டு கரடி.

மூன்றாவது — ஐயோ!

ஜனவரி 14

அந்த மூன்றாவது எனக்குத் தெரிந்த மெட்டு! ரைமோ சின்னப் பையனாக இருந்தபோது அவர்கள் வீட்டுக் கொல்லையிலுள்ள சவுனா அறைக்குள் பூட்டிக்கொண்டு இதையேதான் வாசிப்பான். நீராவிக் குளியல் அறையில் கிட்டார்! நான் ஜன்னலைத் திறந்து கத்துவேன். போலீஸையும் கூப்பிட்டேன். கிட்டார் படபடவென்று மேலே ஏறும், உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு வளைவில் தடுக்கி விழும். தினமும் அதே இடத்தில்.

இன்று அந்த ஏற்றம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இதோ விழுவான், இதோ விழுவான் —

விழவில்லை. தாண்டிப் போய்விட்டான்! காருக்குள் நான் போட்ட கூச்சலில் தொப்பி கழன்று விழுந்தது.

ஒரே குறை, பாட்டின் நடுவே தடம் மாறும் ரகம் இந்த டேப்; சரியாக உச்சியில் 'க்ளக்' என்று மாறுகிறது. பாட்டு ஒரு மூச்சு நின்று மறுபடி வருகிறது. அதற்குள் எனக்கு உயிர் போய்த் திரும்புகிறது.

ஜனவரி 15

மறுபடி. மறுபடி. சூப் அடிப்பிடித்தது. பிடிக்கட்டும்.

ஜனவரி 16

ராய் கேட்டார். "காருக்குள்ள உக்காந்து யாரோட சண்டை? தலை ஆடுது, கை ஆடுது."

"ஜெபம் பண்றேன்."

"ஸ்டீயரிங்கக் குத்தியா?"

ஹில்மா வீட்டுத் திரை அசைந்தது போலிருந்தது. அவளுக்குத் தெரிந்தால்? இத்தனை வருடம் ஒரு நாள் விடாமல் காத்துவைத்த கோபம், ஒரே நாளில் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். கூடாது. நாளையோடு டேப்பை ஷெரிலிடம் கொடுத்துவிட வேண்டும்.

ஜனவரி 17, சனி

 

காலையில் கர்லிங் ஆட்டத்துக்குக் கிளம்பினால் கார் முனகக்கூட இல்லை. டேப் பேட்டரியைக் குடித்துவிட்டது. போதாததற்கு எஞ்சினைச் சூடாக வைக்கும் வயரை ராத்திரி செருக மறந்திருக்கிறேன். இந்த ஊரில் பச்சைப்பிள்ளைகூடச் செய்யாத தப்பு. ராய் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை.

ஹில்மா பேட்டரி வயரோடு வெளியே வந்தாள். இந்தக் குளிரில் ஒருவர் வண்டி நின்றுபோனால் எதிரிகூடப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. இங்கே அது சட்டம் மாதிரி. தன் டிரக்கை என் காருக்கு மூக்கோடு மூக்காக நிறுத்தினாள்.

"பானட்டத் தூக்கு." 1962க்குப் பிறகு முதல் பேச்சு.

"தூக்கத் தெரியும் எனக்கு."

"வயர் சொருகத் தெரியலையே."

பானட்டைத் தூக்கினேன். இரண்டு பேட்டரிக்கும் வயரை மாட்டினாள். "இப்பத் திருகு."

அப்போதுதான் உறைத்தது. டேப் உள்ளேயே இருக்கிறது! சத்தமும் முழுசாக வைத்தபடி! என்ன செய்ய? வேறு வழியில்லை. கண்ணை மூடித் திருகினேன்.

ரைமோ தெரு முழுக்க அலறினான்.

ஹில்மா வயரைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். சிரிக்கட்டும், அந்த வயராலேயே விளாசுகிறேன் என்றிருந்தேன். சிரிக்கவில்லை.

"இது... எங்க ரைமோவா?"

"பின்ன நானா?"

"நான் கேட்டதே இல்லடி. இவன் அப்பா வைனோ பாட்ட வீட்டுக்குள்ள விடமாட்டேங்குறாரு. சுரங்க வேலய விட்டு ஓடுனவன் பேச்சே எடுக்கக் கூடாதாம்."

பெற்றவள் கேட்டதில்லை! நான் கேட்டிருக்கிறேன். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. கதவைத் திறந்துவிட்டேன்.

"பூட்ஸ்ல பனியத் தட்டிட்டு ஏறு."

ஏறினாள். டேப்பை மூன்றாவது பாட்டுக்குக் கொண்டுவந்தேன். "இப்ப ஏறுவான் பாரு. இந்த எடத்துலதான் எப்பவும் விழுவான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"போலீஸக் கூப்பிட்டது யாரு? ஷ்ஷ்!"

ஏறினான். தாண்டினான். க்ளக். ஹில்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போச்சா?"

"இரு. வரும்."

வந்தது. கிழவிகள் இரண்டு பேரும் ஓநாய் மாதிரி ஊளையிட்டோம். தபால்காரர் பார்த்தார். பார்க்கட்டும். கர்லிங் ஆட்டத்துக்கு நான் போகவே இல்லை.

பிப்ரவரி 7, சனி

நிக்கல் ஓநாய்கள் ஊருக்கு வந்தார்கள். ஹாக்கி அரங்கத்தில் பனித்தரைமேல் பலகை போட்டு மேடை. பாதம் மரத்துப்போனதால் குதித்தோம். குதித்ததால் இன்னும் குதித்தோம். நேரில் 'க்ளக்' கிடையாது. உச்சி வரை ஒரே ஏற்றம்! ஹில்மா என் தோளில் அழுதாள். கோட்டெல்லாம் ஈரம். பரவாயில்லை.

எங்களைக் கொண்டுவந்து விட்ட வைனோ உள்ளே வரமாட்டேன் என்று டிரக்கிலேயே உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்தபோது, அத்தனை குளிரிலும் அரங்கத்துப் பக்கக் கண்ணாடியைக் கீழே இறக்கி வைத்திருந்தார். நாங்கள் ஏறிய பிறகுதான் அதை மூடினார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ராத்திரி முழங்கால் அளவுக்குப் பனி. விடிந்து பார்த்தால் தெருவில் என் கார் மட்டும் பளிச்சென்று நிற்கிறது. கண்ணாடி, கூரை, பின்விளக்கு வரை துடைத்திருக்கிறாள். இந்தத் தடவை பாதியில் துடைப்பத்தைத் தூக்கவில்லை.