செவலையின் ஈறு

அன்பு மகளுக்கு,

நலம் என்று எழுதி, அடித்துவிட்டேன்.

கரும்புக்கொல்லைக்கு அப்பாவோடு காவலுக்குப் போகுமே செவலை நாய், அதன் காலை மோட்டார் கொட்டகையில் அறுந்துகிடந்த கரண்டுக் கம்பி சுட்டுவிட்டது. பாகூர் மாட்டு டாக்டர் புண்ணைக் கழுவிவிட்டு, அதன் உதட்டைத் தூக்கி ஈறை அழுத்திக் காட்டினார்.

“வெளுத்து, உடனே சிவந்தா ரத்தம் நல்லா ஓடுதுன்னு அர்த்தம். தெனமும் பாரும்மா.”

“மனுசனுக்கும் இப்டித்தானா சார்?” என்றேன்.

செவலைக்குத் தினமும் சிவக்கிறது. அதே கம்பியில் கிடந்த உன் அப்பாவுக்கு, நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது விரல் நகமெல்லாம் நீலம் பூத்திருந்தது.

காதல் கல்யாணம் செய்தவளுக்குச் சொல்லக் கூடாதென்று பெரியப்பா தடுத்துவிட்டார். கருமாதியும் முடிந்தது. இதை யாரையும் கேட்காமல் எழுதுகிறேன். வா. செவலை உன்னைப் பார்த்துக் குரைக்காது.

அம்மா